நீரிணையின் அக்கரையில் ஒரு பறவைக் காவலர்

ஜொகூர் நீரிணையின் அக்கரையில், சிங்கப்பூரின் வடமேற்கு மூலையில், சுங்கை பூலோ என்றொரு சதுப்புநிலம் இருக்கிறது. ஆண்டுதோறும் செப்டம்பர் வாக்கில் சைபீரியா போன்ற குளிர்ப் பிரதேசங்களிலிருந்து உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் அங்கே வந்து இறங்குகின்றன. அந்த இடம் இன்றும் பறவைகளுக்கே உரியதாக இருப்பதற்குப் பாடுபட்ட சிலருள் ஒரு தமிழரும் உண்டு. அவர்தான் சுபராஜ் ராஜதுரை.

1963-இல் பிறந்த சுபராஜ், பறவைகளைப் பற்றித் தானே கற்றுத் தேர்ந்தவர். கையில் தொலைநோக்கி, குறிப்பேடு, காலில் சேறு. அதுவே அவருடைய பள்ளிக்கூடம்.

1986-இல் சுங்கை பூலோவின் சிறப்பு, அன்றைய மலாயா இயற்கைக் கழகத்தின் சிங்கப்பூர்க் கிளையினர் கண்ணில் பட்டது. அப்பகுதியோ நவீன வேளாண்மைப் பூங்காவுக்கு என ஒதுக்கப்பட்டிருந்தது. கழகத்தினர் கூச்சல் போடவில்லை. என்னென்ன பறவைகள் வருகின்றன என்று பதிவு செய்து, அரசாங்கத்திடம் எழுத்துப்பூர்வமாகத் திட்டம் கொடுத்தனர். அதைத் தயாரித்த குழுவில் சுபராஜும் ஒருவர். 1989-இல் 87 ஹெக்டேர் நிலம் இயற்கைப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1993 டிசம்பரில் அன்றைய பிரதமர் கோ சோக் தோங் அதைத் திறந்துவைத்தார். 2002-இல் 130 ஹெக்டேருக்கு விரிவடைந்து, சட்டப் பாதுகாப்புப் பெற்ற சதுப்புநிலக் காப்பகமானது.

எல்லாப் போராட்டமும் வெற்றி பெற்றுவிடவில்லை. 1992-இல் லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கக் காட்டில் கோல்ஃப் திடல் அமைக்கும் திட்டம் மக்கள் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. ஆனால் நீரிணையை ஒட்டிய செனோக்கோவுக்காக 1994-இல் ஆயிரக்கணக்கானோர் கையொப்பமிட்டும், அதன் பெரும்பகுதி வீடமைப்புக்குப் போயிற்று. தோல்விகளைக் கண்டு இயற்கை ஆர்வலர்கள் ஓய்ந்துவிடவில்லை. 2001-இல் புலாவ் உபினின் செக் ஜாவா கடற்கரையை மண்கொட்டி நிரப்பும் திட்டம் ஒத்திவைக்கப்பட்டது. அந்த முயற்சியிலும் சுபராஜுக்குப் பங்குண்டு. 2019 அக்டோபரில், 56 வயதில் அவர் காலமானார்.

அக்கரைக் கதை நமக்கெதற்கு என்று கேட்கலாம். பறவைக்குக் கடப்பிதழ் கிடையாது. அதற்கு இரு கரையும் ஒரே சேறுதான். ஜொகூரில் தஞ்சோங் பியாய், புலாவ் குக்குப், சுங்கை பூலாய் ஆகிய மூன்றும் 2003-இல் ராம்சார் சதுப்புநிலங்களாக அங்கீகாரம் பெற்றன. பட்டயம் கிடைப்பது ஒன்று, காப்பாற்றுவது வேறு. வளர்ச்சித் திட்டம் வரும்போது, 'இங்கே என்ன இருக்கிறது?' என்ற கேள்விக்குக் கணக்கோடு பதில் சொல்ல ஆள் வேண்டும்.

சுபராஜ் விட்டுச் சென்ற சொத்து அந்தப் பழக்கம்தான்: பார்ப்பது, எழுதி வைப்பது, உரிய இடத்தில் பேசுவது. நம் பிள்ளைகள் அதைக் கற்றுக்கொள்ளப் பெரிய பட்டம் தேவையில்லை. ஒரு குறிப்பேடு போதும்.