ஒரு சென்ட் இதழும் உழவர் சந்தையும்

திராட்சைத் தோட்ட வேலையாள்களைப் பற்றிய உவமையை வாசிக்கும்போது, கூலியின் அளவே நம் சிந்தையை நிறைத்துவிடுகிறது. வேலைக்கு அமர்த்துவார் எவருமின்றி மாலைவரை சந்தைவெளியில் நின்ற மனிதர்களை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். ஒரு சமுதாயம் மனித உழைப்புக்கு என்ன மதிப்பளிக்கிறது என்பது வெளிப்படும் இடம் சந்தைவெளி. அத்தகைய ஓர் இடம் நியூயார்க் மாநகரின் நடுவே உண்டு. அதன் பெயர் யூனியன் சதுக்கம்.

அமெரிக்காவின் முதல் தொழிலாளர் தினப் பேரணி 1882 செப்டம்பர் 5 அன்று நடந்தது இங்கேதான். அதற்கு ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1891இல், திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 'ரேரும் நோவாரும்' என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். தொழிலாளியின் நியாயமான கூலியைக் குறித்துத் திருச்சபை அதில் உரத்துப் பேசியது. ஆயினும் அந்தக் குரல் யூனியன் சதுக்கத்தின் தொழிலாளர் செவிகளை எட்ட நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

1933 மே முதல் நாள். பொருளாதாரப் பெருமந்தத்தால் வேலையிழந்தோர் பல்லாயிரவர் சதுக்கத்தில் திரண்டிருந்தனர். அவர்களிடையே சிலர் ஒரு புதிய இதழைக் கூவி விற்றனர். 'கத்தோலிக்கத் தொழிலாளி' என்பது அதன் பெயர். விலை ஒரு சென்ட். அச்சானவை 2,500 படிகள். அதன் ஆசிரியர் டாரதி டே. பொதுவுடைமையாளரிடையே பழகி, 1927இல் கத்தோலிக்க மறையைத் தழுவியவர் அவர். அவருக்குத் தூண்டுகோலாக இருந்தவர் பீட்டர் மொரான் என்னும் பிரெஞ்சு உழவர் குடி மகன்.

மொரானின் திட்டம் மூன்று பகுதிகள் கொண்டது: அறிஞரும் தொழிலாளியும் ஒருங்கே அமர்ந்து கலந்துரையாடுதல், பசித்தோருக்கும் வீடற்றோருக்கும் விருந்தோம்பல் இல்லங்கள், நிலத்தில் கூடி உழைத்து வாழும் பண்ணைச் சமூகங்கள். முதலிரண்டும் வேரூன்றின. மூன்றாவதுதான் கடினமாயிற்று. 1936இல் பென்சில்வேனியாவின் ஈஸ்டன் அருகே ஒரு பண்ணை தொடங்கப்பட்டது. அது நெடுநாள் நிலைக்கவில்லை. ஹட்சன் ஆற்றங்கரையில் டிவோலி என்னும் ஊரில் 1964இல் தொடங்கிய பண்ணையும் 1970களின் இறுதியில் மூடப்பட்டது. நகரத்து மனிதரை மண்ணுக்கு அழைத்துச் செல்வது அன்பினால் மட்டும் கைகூடும் செயலன்று. உழவு ஒரு கலை, வாழ்நாள் பயிற்சி.

அதே ஆண்டுகளில் அந்த மண்ணை உழுது பழகியவர்களும் நிலத்தை விட்டு நீங்கிக்கொண்டிருந்தனர். நியூயார்க்கைச் சுற்றியிருந்த சிறு பண்ணைகள் வீட்டுமனைகளாகிக்கொண்டிருந்தன. மாநகரின் காய்கனி மொத்த வணிகம் 1967இல் பிராங்ஸ் பகுதியின் ஹண்ட்ஸ் பாயிண்டுக்கு இடம்பெயர்ந்தது. பெரிய வணிகத்துக்கென அமைந்த அந்த உலகில், இடைத்தரகர் பங்குபோக எஞ்சியதில் சிறு உழவரால் பிழைக்க இயலவில்லை. மாநகரத்தாரோ நெடுந்தொலைவிலுள்ள கலிபோர்னியாவிலிருந்து வந்த காய்கனிகளை உண்டனர்.

இந்த இரு துன்பங்களையும் ஒருசேரக் கண்டவர் பேரி பெனபி என்னும் நகரமைப்பு வல்லுநர். ராபர்ட் லூயிஸ் என்பாருடன் இணைந்து, நகரின் சுற்றுச்சூழல் மன்றத்தின் ஆதரவில், 1976 ஜூலையில் 59ஆம் தெருவின் ஓரத்து வெற்றிடமொன்றில் முதல் உழவர் சந்தையைத் தொடங்கினார். அவ்வாண்டிலேயே யூனியன் சதுக்கத்திலும் ஒன்று எழுந்தது. போதைப்பொருள் விற்பனைக்குப் பேர்போன இடமாகச் சதுக்கம் சீரழிந்திருந்த காலம் அது. சந்தையின் அடிப்படை விதி எளியது: தாம் விளைவித்ததையே உழவர் விற்க வேண்டும், வாங்கி விற்பவருக்கு இடமில்லை.

இன்று திங்கள், புதன், வெள்ளி, சனி ஆகிய நான்கு நாள்கள், ஆண்டு முழுவதும் அங்கே சந்தை கூடுகிறது. பனி கொட்டும் சனவரியிலும் ஆப்பிளும் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் பாலும் தேனும் வருகின்றன. கோடையில் கூடிக் குளிரில் கலையும் சந்தை, உழவருக்கு ஆண்டின் ஒரு பகுதிக்கே வருவாய் தரும். குளிரிலும் தொடரும் சந்தையை நம்பி அவர் கிழங்கைச் சேமித்து வைக்கலாம், அடுத்த பருவத்துக்குக் கணக்கிடலாம். அந்த நம்பிக்கையே ஒரு குடும்பத்தை நிலத்தில் நிறுத்துகிறது. டிவோலி அமைந்துள்ள ஹட்சன் பள்ளத்தாக்கிலிருந்து இங்கு வந்து விற்போர் பலர்.

இச்சந்தை டாரதி டே தொடங்கியதன்று. மொரானின் பெயரை அங்கு எவரும் உரைப்பதுமில்லை. ஆயினும் ஒரு பொருத்தம் நம்மைச் சிந்திக்க வைக்கிறது. நகரத்தாரை மண்ணுக்கு அழைத்த மொரானின் கனவு தளர்ந்த வேளையில், மண் தானே நகரத்துக்கு வந்தது; அதுவும் அவர்கள் இதழ் விற்ற அதே சதுக்கத்துக்கு. சதுக்கத்திலிருந்து நடக்கும் தொலைவிலுள்ள மேரி இல்லத்தில் ஏழைகளோடு வாழ்ந்த டாரதி டே, 1980 நவம்பர் 29 அன்று அங்கேயே உயிர்நீத்தார். புனிதர் நிலைக்கான அவரது வழக்கு 2000இல் தொடங்கப்பட்டது.

இங்கே ஒரு நெருடலான கேள்வி எழுகிறது. உழவருக்கு நியாய விலை கிடைக்கும் சந்தையில், ஏழைக்கு வாங்கும் ஆற்றல் உண்டா? யூனியன் சதுக்கத்தின் காய்கனிகள் மலிவானவை அல்ல. விருந்தோம்பல் இல்லத்தின் சூப்புக்கு வரிசையில் நிற்பவர் அங்கே நல்ல தக்காளியை விலை கேட்டுவிட்டு நகரவேண்டியிருக்கலாம். அரசு வறியோருக்குத் தரும் உணவு உதவி அட்டை இப்போது அச்சந்தையில் செல்லும். விற்காது எஞ்சியவை பசித்தோருக்காகச் சேகரிக்கப்படுகின்றன. வயலின் ஓரத்தை அறுக்காது ஏழைக்கு விட்டுவைக்கச் சொன்ன லேவியர் நூலின் கட்டளையையும், போவாசின் வயலில் கதிர் பொறுக்கிய ரூத்தையும் இது நினைவூட்டுகிறது. எனினும் எஞ்சியதைக் கொடுப்பது நீதியின் தொடக்கமேயன்றி நிறைவன்று.

மலிவு என்பது பலவேளைகளில் யாரோ ஒருவர் செலுத்திய விலை. பெரும்பாலும் அவர் நம் கண்ணுக்குத் தெரியாத உழவர். அதனால் உழவரின் விலையைக் குறைத்து ஏழைக்கு உணவளிப்பது, ஒரு ஏழையின் பையிலிருந்து எடுத்து மற்றொரு ஏழைக்குக் கொடுப்பதாகும். அந்த இடைவெளியை நிரப்பவேண்டியது வாங்கும் வசதியுள்ள நாம். விருந்தோம்பல் இல்லமும் பண்ணையும் ஒரே திட்டத்தின் இரு பகுதிகள் என்று மொரான் வலியுறுத்தியதன் பொருள் இங்கே விளங்குகிறது. பந்தியில்லாத சந்தை வசதியுள்ளவர்க்கு மட்டும் உரியதாகும். சந்தையில்லாத பந்தி உழவரை மறந்துவிடும். காணிக்கைப் பவனியில் நாம் ஏந்திச்செல்லும் அப்பத்தை, நிலத்தின் விளைவும் மனித உழைப்பின் பயனுமென அறிக்கையிடுகிறோம். அந்த உழைப்பாளிக்கு உரியது போய்ச் சேர்ந்ததா என்று கேட்பதும் வழிபாட்டின் ஒரு பகுதியே.