ஆறு நாள் நடந்த பள்ளிக்கூடம்



பெல்மதுளையைச் சூழ்ந்த தேயிலை, றப்பர்த் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குப் பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. நல்லதங்காள் கதையும் விக்கிரமாதித்தன் கதையும் மண்ணெண்ணெய் விளக்கடியில் உரக்கப் படிக்கப்பெற்ற இரவுகள் எங்கள் லயங்களில் பல உண்டு. எழுத்தறியாத முதியோரும் அப்புத்தகத்தைக் கையில் வாங்கிப் பக்கங்களைப் புரட்டுவர். இடையிடையே கன்னங்கரேலென்று பதிந்திருக்கும் படங்களையே அவர்கள் தேடினர். கிணற்றடியில் நிற்கும் நல்லதங்காளுக்கு மூக்கு ஒரு பக்கம், கண் ஒரு பக்கம். ஆயினும் அவளைக் கண்டு கண் கலங்காதவர் இல்லை. அப்படங்கள் மரத்திற் செதுக்கும் கலையின் வழிவந்தவை என்பதை நான் ஆசிரியனான பின்னரே அறிந்தேன்.

மரச்செதுக்கு அச்சின் முறை எளியது. பலகையின்மேல் படத்தை வரைந்துகொண்டு, வெள்ளையாகத் தோன்ற வேண்டிய இடங்களை உளியால் அகழ்ந்துவிட்டால், கோடுகள் மேடாக எஞ்சி நிற்கும். அம்மேட்டில் மையுருட்டித் தாளைப் பரப்பி, ஒரு கரண்டியின் முதுகால் தேய்த்தாலும் போதும், படம் தாளில் இறங்கிவிடும். காலம் குறிக்கப்பெற்று இன்றும் எஞ்சியிருக்கும் மிகப் பழைய முழு அச்சு நூல் இம்முறையிலே உண்டானது. கி.பி. 868ஆம் ஆண்டில் சீனத்தில் அச்சிடப்பட்ட வச்சிரச்சேதிக சூத்திரமே அது. துன்குவாங் குகையிலிருந்து மீட்கப்பட்டு, இப்பொழுது இலண்டன் மாநகரிலுள்ள பிரித்தானிய நூலகத்தில் இருக்கின்றது. அதன் முகப்பில், சீடர் சூழப் புத்தர் பெருமான் அறம் உரைக்கும் காட்சியும் செதுக்கப்பட்டுள்ளது.

ஆனால் அப்பழைய முறையிற் படத்தை வரைந்தவர் ஒருவர், செதுக்கியவர் வேறொருவர், அச்சிட்டவர் மூன்றாமவர். செதுக்கியவன் கூலியாளாகவே கருதப்பட்டான். ஒருவரே மூன்று தொழிலையும் செய்து, உளியையே எழுதுகோலாகக் கொள்வது பிற்கால எண்ணம். யப்பானில் 1904ஆம் ஆண்டு யமமோட்டோ கனாயே என்னும் இளைஞர், மீனவர் ஒருவரின் உருவைத் தாமே வரைந்து, தாமே செதுக்கி, தாமே அச்சிட்டதிலிருந்து அங்கே அது ஓர் இயக்கமாக வளர்ந்தது.

மரஅச்சின் பிறப்பிடமாகிய சீனம் இப்புதிய முறையை அயலாரிடமிருந்து கற்க நேர்ந்த கதையே இன்றைய பேச்சின் பொருள். அதற்குக் காரணராயிருந்தவர் எழுத்தாளர் லூ சுன். அவருக்குச் செதுக்கத் தெரியாது. 1931ஆம் ஆண்டு பெப்ரவரி 7ஆம் நாள், அவருடைய இளம் நண்பர் ரூ ஷீயும் வேறு சில எழுத்தாளரும் ஷாங்காயில் மறைவாகச் சுட்டுக் கொல்லப்பட்டனர். ரூ ஷீ, லூ சுன்னோடு சேர்ந்து அயல்நாட்டு மரச்செதுக்குப் படங்களைச் சீனத்தில் வெளியிட்டவர். நண்பனுக்கு வெளிப்படையாக இரங்கல் எழுத வழியில்லை. லூ சுன் என்ன செய்தார்? ஜேர்மனிய ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் அம்மையாரின் 'பலி' என்னும் மரச்செதுக்குப் படத்தை அவ்வாண்டு செப்டெம்பரில் ஓர் இலக்கிய ஏட்டில் வெளியிடச் செய்தார். கண்மூடிய தாயொருத்தி தன் குழந்தையை இரு கைகளாலும் ஏந்தி நீட்டும் படம் அது. அவ்வம்மையார் 1914ஆம் ஆண்டுப் போரில் மகனை இழந்தவர். பெயர் சொல்லாமலே அந்தப் படம் இரங்கற்பாவாயிற்று.

அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் நடந்ததுதான் அந்த ஆறு நாட்பள்ளி. ஷாங்காயிற் புத்தகக்கடை வைத்திருந்த உச்சியாமா கன்சோ என்னும் யப்பானியர் லூ சுன்னின் நெருங்கிய நண்பர். அவருடைய தம்பி கக்கிச்சி கோடை விடுமுறைக்குத் தமையனிடம் வந்திருந்தார். அவர் தோக்கியோவில் ஒரு பாடசாலையிலே சிறுவர்க்குக் கைப்பணி கற்பிக்கும் ஆசிரியர். எங்களைப் போன்ற ஓர் ஆசிரியர், நேயர்களே! அவருக்கு மரச்செதுக்குத் தெரியும் என்று கண்ட லூ சுன், சீன இளைஞர்க்குக் கற்பிக்குமாறு வேண்டினார். தாம் பெரிய ஓவியரல்லர் என்று கக்கிச்சி தயங்கினார். லூ சுன் விடவில்லை. 17ஆம் நாள் முதல் 22ஆம் நாள் வரை, காலை வேளைகளில், 13 மாணவர்க்கு வகுப்பு நடந்தது. ஆசிரியர் யப்பானிய மொழியிற் பேசினார். இளமையில் யப்பானிலே மருத்துவம் படிக்கச் சென்ற லூ சுன், பக்கத்தில் நின்று சீன மொழியில் எடுத்துரைத்தார். ஐம்பது வயதை எட்டிக்கொண்டிருந்த, நாடறிந்த எழுத்தாளர், தம்மிடமிருந்த படங்களையும் நூல்களையும் மாணவர்க்குக் காட்டச் சுமந்து வந்து, மொழிபெயர்ப்பாளராக நின்ற காட்சியை நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. ஆசிரியருக்கு அவர் அளித்த கைம்மாறு, கோல்விட்ஸ் அம்மையாரின் 'நெசவாளர் கிளர்ச்சி' வரிசைப் படங்கள் ஆறு.

வகுப்பு முடிந்து 27ஆம் நாள், செப்டெம்பர் 18இல், யப்பானியப் படை மஞ்சூரியாவைத் தாக்கியது. மறு ஆண்டு சனவரியில் ஷாங்காய் நகரமே போர்க்களமாயிற்று. மாணவருட் சிலர் சிறை புகுந்தனர். அவர்களில் ஒருவரான சியாங் பெங் பிற்காலத்திற் பீக்கிங் மத்திய நுண்கலைக் கழகத்தின் தலைமையை ஏற்றார். லூ சுன் 1936ஆம் ஆண்டு ஒக்டோபர் 8ஆம் நாள், நோயுற்ற நிலையிலும், இளைஞரின் மரச்செதுக்குக் கண்காட்சிக்குச் சென்று அவர்களோடு அமர்ந்து உரையாடினார். 19ஆம் நாள் காலமானார்.

பின்னர் யெனான் மலைநாட்டிற்குச் சென்ற செதுக்குநர்க்கு எதிர்பாராத ஓர் ஆசிரியர் வாய்த்தார். அவர் கிராமத்து உழவர். ஐரோப்பிய முறையில் முகத்தின் பாதியை இருளாகச் செதுக்கிய படங்களைக் கண்டு, இதென்ன, பாதி முகம் கறுத்திருக்கிறதே என்று அவ்வுழவர் முகஞ்சுளித்தனர். செதுக்குநர் சினங்கொள்ளவில்லை. புத்தாண்டிற் கதவில் ஒட்டும் நாட்டுப் படங்களைப் பார்த்து, நிழலைக் குறைத்து, தெளிந்த கோடுகளாற் செதுக்கத் தொடங்கினர். கற்றவர் கல்லாதவரிடம் பாடங்கேட்ட இச்செய்தியை ஆசிரியர் பயிற்சிக் கலாசாலைகளிற் சொல்ல வேண்டுமென்பது என் அபிப்பிராயம்.

இந்தியாவில் இக்கலைக்கு இல்லமாயிருந்தது சாந்திநிகேதனம். 1930ஆம் ஆண்டில் இரவீந்திரநாத தாகூர் குழந்தைகளுக்கு எழுதிய வங்காள அரிச்சுவடிக்கு, நந்தலால் போஸ் லினோலியத்திற் செதுக்கிய படங்கள் அணி செய்தன. தாகூர் 1934ஆம் ஆண்டு மே மாதம் இலங்கைக்கு வந்து, இரத்தினபுரியிலிருந்து பாணந்துறைக்குச் செல்லும் வழியிலுள்ள ஹொரணையில் ஸ்ரீ பாலி கலைக்கூடத்திற்கு அடிக்கல் நாட்டினார் என்பதையும் இடையே சொல்லி வைக்கிறேன்.

நம் தோட்டங்களுக்கு இன்னும் நெருங்கியவர் சோமநாத் ஹோர். சிட்டகொங்கிற் பிறந்து, 1943ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சத்தைக் கண்ணாற் கண்டவர். சீனரின் மரச்செதுக்குப் படங்களும் கோல்விட்ஸ் அம்மையாரின் படங்களும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. 1946ஆம் ஆண்டு இறுதியில், விளைச்சலில் மூன்றில் இரு பங்கு தமக்கே வேண்டுமென்று வாரக் குடியானவர் எழுந்த தேபாகா இயக்கத்தைக் காண ரங்கப்பூருக்குச் சென்று, நாட்குறிப்போடு படங்களும் வரைந்தார்; பின்னர் அவற்றுட் சில மரத்தில் ஏறின. 1947இல் வடவங்காளத்துத் தூவார்ஸ் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்று, தொழிலாளர் நடுவே இருந்து எழுதியும் வரைந்தும் இன்னொரு குறிப்பேடு நிரப்பினார். அப்பக்கங்களை முதன்முதலிற் பார்த்தபோது, இவை நம் லயத்து வாசல்கள் அல்லவா என்று எனக்குத் தோன்றியது. நம் மலைகளையும் ஓவியர் வரையாமலில்லை. எனினும் கொழுந்து பறிக்கும் பெண் அவற்றிற் பெரும்பாலும் பச்சை மலைக்கு ஓர் அலங்காரம். அவள் முகம் யாருடைய முகம் என்று கேட்டால் விடை இராது.

இவற்றையெல்லாம் படித்த துணிவில், ஒரு விடுமுறையில் எங்கள் மாணவரை வைத்து ஆறு நாள் வகுப்பொன்று நடத்திப் பார்த்தேன். எனக்கும் கைவேலை வராது. ஊரிலுள்ள தச்சாசாரி ஒருவர் உளி தீட்டவும், மரத்தின் நாரோட்டம் அறிந்து செதுக்கவும் கற்றுக்கொடுத்தார். பழைய தேயிலைப் பெட்டியின் ஒட்டுப்பலகையே எங்கள் மூலதனம். முதல் நாள் ஒரு பையன் ஊர்ப் பெயரை நேராகவே செதுக்கி அச்சிட, பெல்மதுளை தலைகீழ்ப் பாடமாய் வலமிருந்து இடமாக ஓடிற்று. சிரிப்பு அடங்க நெடுநேரம் சென்றது. நான்காம் நாள் ஒரு சிறுமி தன் பாட்டியைச் செதுக்கினாள். பாட்டி மறைந்து இரண்டாண்டு. வீட்டில் இருந்த ஒரே படம் அடையாள அட்டையில் இருந்த தபால்தலை அளவுப் படம். அதைப் பார்த்து வரைந்தபோது கொங்காணியும் நெற்றியிற் கூடைக்கயிறும் அவளாகவே சேர்த்துக்கொண்டாள். கன்னத்தில் உளி வழுக்கி ஒரு கீறல் விழுந்துவிட்டது. வேறு பலகை தருகிறேன் என்றேன். அவள் வேண்டாமென்றாள், பாட்டிக்கு அவ்விடத்தில் உண்மையாகவே ஒரு வடு இருந்ததாம், தேயிலை மிலாறு கீறியது.

அந்தப் பலகையிலிருந்து 40 பிரதிகள் எடுத்தோம். லயத்தில் வீட்டுக்கு ஒன்று கேட்டு வாங்கிச் சென்றார்கள்.