நிபந்தனை நீக்க மனு

அமெரிக்கக் குடிமகனையோ நிரந்தர வசிப்புரிமை உள்ளவரையோ மணந்து, மணமாகி இரண்டு ஆண்டு நிறையும் முன் கிரீன் கார்டு பெற்றவர், அந்த அட்டையின் கெடு முடிவதற்குள் அமெரிக்கக் குடியேற்றத் துறையிடம் அளிக்கும் விண்ணப்பம் நிபந்தனை நீக்க மனு எனப்படும். இதற்குரிய படிவம் ஐ-751. முதலில் கிடைக்கும் அட்டை இரண்டு ஆண்டுக்கே செல்லும். வழக்கமான பத்தாண்டு அட்டை இம்மனு ஏற்கப்பட்ட பிறகுதான் வரும். வேலை செய்வது, ஊருக்கு வந்து திரும்புவது, பின்னால் குடியுரிமை கேட்கும்போது பார்க்கப்படும் காலக் கணக்கு ஆகியவற்றில் இரண்டு அட்டைகளுக்கும் வேறுபாடு இல்லை. கிரீன் கார்டைக் 'குடியுரிமை' என்று எழுதுவது தமிழ் நாளிதழ்களில் ஊன்றிவிட்ட பிழை. அது வசிக்கும் உரிமை மட்டுமே.

திருச்சிராப்பள்ளியிலிருந்தும் ஸ்ரீரங்கத்திலிருந்தும் பொறியாளராக அமெரிக்கா சென்று, நிறுவனத்தின் வழியாகக் கிரீன் கார்டு வாங்கியவர்களின் குடும்பங்களுக்கு இம்மனு பொதுவாகத் தேவைப்படுவதில்லை. துவாக்குடியில் 1964இல் தொடங்கிய மண்டலப் பொறியியல் கல்லூரியில் (இன்றைய தேசிய தொழில்நுட்பக் கழகம்) படித்து, எச்-1பி விசாவில் போய், ஆண்டுக்கணக்கில் வரிசையில் நின்று அட்டை பெறுபவரின் மனைவிக்கு வருவது நிபந்தனையற்ற அட்டை. மனு பெரும்பாலும் தேவைப்படுவது, ஜாதகம் கைமாறும்போதே 'பையன் சிட்டிசன்' என்று சொல்லப்படும் வரன்களில்தான். மாப்பிள்ளை அங்கிருந்து ஐ-130 படிவம் அனுப்புகிறார். பெண்ணுக்கு மும்பைத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் நடக்கிறது. விசாவில் நிபந்தனையைக் காட்டும் சிஆர்1 என்ற குறி விழுகிறது. அமெரிக்க மண்ணில் இறங்கும் நாளில் மணமாகி இரண்டு ஆண்டு கடந்திருந்தால் குறி ஐஆர்1 ஆகிவிடும், நிபந்தனையும் கிடையாது. விசா தாமதமாவதில் உள்ள ஒரே லாபம் இது.

தோற்றம்

இந்தியர் அமெரிக்காவில் குடியேறுவதை 1917, 1924ஆம் ஆண்டுச் சட்டங்கள் ஏறத்தாழ முழுவதும் அடைத்தன. 1946இன் லூஸ்-செல்லர் சட்டம் ஆண்டுக்கு 100 இந்தியருக்குக் கதவைத் திறந்தது. 1965ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டுவாரி ஒதுக்கீட்டை நீக்கியது. குடிமக்களின் கணவர் அல்லது மனைவிக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை என்ற நிலையும் அதில் தொடர்ந்தது. வரிசையில்லாத வாசல் ஒன்று இருந்தால் அதில் நுழைய ஆளும் இருக்கும், நுழைபவரைச் சந்தேகிக்கக் காவலும் இருக்கும்.

சந்தேகம் இதைவிடப் பழையது. போர் மணப்பெண்களுக்கான 1945ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பயன்படுத்தி, சேர்ந்து வாழும் எண்ணமே இல்லாமல் பாரிசில் மணந்து அமெரிக்காவில் நுழைந்தவர்கள் மீதான லுட்வாக் வழக்கில், அத்தகைய சடங்கு குடியேற்றச் சட்டத்தை ஏய்க்க உதவாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1953இல் தீர்ப்பளித்தது. 1975இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று பார்க் வழக்கில் அளவுகோலைத் தெளிவாக்கியது: மணந்த அந்த நேரத்தில் இருவருக்கும் சேர்ந்து வாழும் எண்ணம் இருந்ததா என்பதே கேள்வி, பின்னால் பிரிந்தார்கள் என்பது மட்டும் மணத்தைப் பொய்யாக்காது. இன்றும் இம்மனுவை ஆராயும் அதிகாரி கையில் இருப்பது இந்தக் கோல்தான்.

நிபந்தனை முறை பிறந்ததற்குக் காரணம் ஓர் எண். 1985 ஜூலையில் செனட் துணைக்குழு முன் அன்றைய குடியேற்றத் துறை, மணவழி விண்ணப்பங்களில் 30 விழுக்காடு போலி என்று கூறியது. அதை நம்பிய நாடாளுமன்றம் குடியேற்ற மண மோசடித் திருத்தச் சட்டத்தை நிறைவேற்ற, 1986 நவம்பர் 10இல் அதிபர் ரீகன் கையெழுத்திட்டார். முதல் இரண்டு ஆண்டு சோதனைக்காலம், இறுதியில் கணவன் மனைவி இருவரும் சேர்ந்து மனுச் செய்ய வேண்டும், செய்யாவிட்டால் உரிமை தானாகவே அற்றுப்போகும் என்ற அமைப்பு அப்போது வந்தது. அந்த 30 விழுக்காடு புள்ளியியல் முறைப்படி நிற்காத கணக்கு என்பது 1990இல் வட கரோலினாவில் நடந்த மான்வானி வழக்கில் வெளிப்பட்டது. எண் போயிற்று, அதன் மேல் கட்டிய சட்டம் நின்றது.

முதல் வடிவில் சட்டம் கடுமையானது. மணமுறிவைக் காரணம் காட்டித் தனியாக மனுச் செய்ய வேண்டுமானால், வெளிநாட்டிலிருந்து வந்தவரே தக்க காரணத்தோடு மணத்தை முறித்திருக்க வேண்டும். கணவர் முந்திக்கொண்டு வழக்குப் போட்டுவிட்டால் மனைவிக்கு வழியில்லை. 'கையெழுத்துப் போட மாட்டேன்' என்ற ஒரு வாக்கியம் வீட்டுக்குள் ஆயுதமானது. 1990 நவம்பரில் வந்த குடியேற்றச் சட்டம் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கி, அடி உதைக்கோ கடுங்கொடுமைக்கோ ஆளானவர் மணமுறிவு இல்லாமலே தனித்து மனுச் செய்யவும் வழிவிட்டது. ஆகவே இன்று தனி மனுவுக்கு நான்கு வாசல்கள்: துணை இறந்துபோதல், நல்லெண்ணத்தோடு செய்த மணம் முறிதல், கொடுமை, நாடு கடத்தப்பட்டால் நேரும் மிகுந்த இன்னல். கடைசி வாசலில் சோதனைக்காலத்துக்குள் எழுந்த சூழல்கள் மட்டுமே கணக்கில் சேரும். 2013ஆம் ஆண்டு விண்ட்சர் தீர்ப்புக்குப் பிறகு ஒருபால் மணத்தவருக்கும் இதே விதிகள் பொருந்துகின்றன.

மணம் எப்போது மணமாகிறது

மணம் நடந்த இடத்துச் சட்டப்படி அது செல்லுமானால் பொதுவாக அமெரிக்காவிலும் செல்லும். எனவே இரண்டு ஆண்டுக் கணக்கின் தொடக்கம் ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபத்தில் இருக்கிறது. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, ஏழடி எடுத்து வைக்கும் வழக்கம் உள்ள மரபில் ஏழாவது அடியோடுதான் மணம் முழுமையாகிறது என்கிறது. காசி யாத்திரை, மாலை மாற்றல், ஊஞ்சல், கன்னிகாதானம், மாங்கல்ய தாரணம் என்று காலையிலிருந்து நடப்பதில், கெட்டிமேளம் கேட்டதும் எல்லோர் கைப்பேசியும் தாலியை நோக்கி உயரும். சட்டத்தின் கண்ணில் மணம் நிறைவேறும் ஏழாவது அடியின்போது கூட்டத்தில் பாதி பந்திக்குப் போயிருக்கும். அண்ணாதுரை ஆட்சியில் 1967இல் இயற்றப்பட்ட 7-ஏ பிரிவோ, உற்றார் நண்பர் முன்னிலையில் மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ தாலி கட்டினாலோ போதும் என்கிறது. புரோகிதரும் ஏழடியும் அதற்கு வேண்டியதில்லை. இந்தச் சுயமரியாதைத் திருமண விதி தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் உரியது.

விசாவை விரைவுபடுத்த முதலில் 'ரிஜிஸ்டர்' செய்துவிட்டு, தை பிறந்ததும் முகூர்த்தம் வைத்துக்கொள்வது அமெரிக்க வரன்களில் பரவியுள்ள பழக்கம். இது செல்லாது. இந்து திருமணச் சட்டத்தின் 8ஆம் பிரிவு நடந்த மணத்தைப் பதிகிறதே தவிர, மணத்தை உண்டாக்குவதில்லை. சடங்கு நடக்குமுன் சான்றிதழ் வாங்கிய இரு விமானிகளின் வழக்கில் 2024 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம் அப்படியே தீர்ப்பளித்தது. விசாவுக்காக முன்கூட்டிப் பதியும் வழக்கத்தையும் அத்தீர்ப்பு பெயர் சொல்லிக் கண்டித்தது. சடங்கின்றிப் பதிவு அலுவலகத்திலேயே மணம் முடிக்க விரும்புவோருக்கு 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம் உண்டு. அதில் 30 நாள் அறிவிப்புக் காலம். எந்த மதத்தவரானாலும் மணமான 90 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது 2009 நவம்பர் முதல் நடப்பில் உள்ள தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம். தாமதக் கட்டணத்தோடு 150 நாள் வரை இடமுண்டு.

பெயரும் தாளும்

தமிழ்ப் பெயர்முறை அமெரிக்கப் படிவத்தில் அடங்குவதில்லை. தந்தை ராகவனின் முதலெழுத்தோடு பள்ளிச் சான்றிதழில் 'ரா. வைதேகி' என்றிருப்பவர், பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டால், விசாவில் வைதேகி என்பது குடும்பப்பெயராகி, இயற்பெயர்க் கட்டத்தில் 'எஃப்என்யு' (முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம்) விழும். கிரீன் கார்டும் அப்படியே அச்சாகும். வங்கிக் கணக்கில் கணவர் பெயர் சேர்ந்திருக்கும். காப்பீட்டில் தந்தையின் முழுப்பெயர் விரிந்திருக்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று மனுவில் விளக்க வேண்டிவரும். அழைப்பிதழை மொழிபெயர்ப்பதிலும் கவனம் வேண்டும்: 'சௌ.' என்பது பெயரின் முதலெழுத்தல்ல, சௌபாக்கியவதி. 'விசுவாவசு வருஷம் வைகாசி மாதம்' என்பதற்கு 2025ஆம் ஆண்டுத் தேதி தர வேண்டும். தமிழ்த் தாள் எதுவானாலும் முழு ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவர் தமக்கு இரு மொழியும் தெரியும், பெயர்ப்பு சரியானது என்று கையெழுத்திட்ட உறுதிமொழியும் போதும். நோட்டரி முத்திரை கட்டாயமில்லை, நம்மூரில் அதில்லாமல் யாருக்கும் மனம் ஒப்பாவிட்டாலும்.

கல்யாண ஆல்பம், மண்டப ரசீது, அழைப்பிதழ் ஆகியவை மணம் நடந்ததைக் காட்டும். மனு கேட்பது அதற்குப் பிந்தைய இரண்டு ஆண்டை. விதிகள் பெயர் சொல்லும் சான்றுகள் வேறு: இருவர் பெயரிலும் உள்ள வாடகை ஒப்பந்தம், கூட்டுச் சொத்து, கலந்த பணப்புழக்கம், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், தம்பதியை நேரில் அறிந்தோரின் உறுதிமொழிகள். இருநூறு பக்க ஆல்பத்தைவிட, இருவர் பெயரில் வந்த மின்கட்டண ரசீது அங்கே எடை கூடியது. வரவு செலவு முழுவதையும் கணவர் பெயரிலேயே வைத்திருக்கும் குடும்பங்களில் மனைவி சமர்ப்பிக்க ஒன்றும் இருப்பதில்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவரின் குழந்தைக்குத் திருச்சி மாநகராட்சி தரும் பிறப்புச் சான்றிதழும் நல்ல சான்று, பெற்றோர் பெயர்கள் கிரீன் கார்டில் உள்ளபடி பதியப்பட்டிருந்தால். ஸ்ரீரங்கம் நகராட்சியாகத் தனித்திருந்த காலத்துப் பிறப்புப் பதிவேடுகளும் 1994 இணைப்புக்குப் பின் மாநகராட்சியைச் சேர்ந்தவையே. மணப்பெண்ணின் பிறப்பைக் காட்ட அவை விசாக் கட்டத்தில் தேவைப்படும்.

கெடு

மனுவை இருவரும் சேர்ந்து அளிப்பதானால், நிபந்தனை வசிப்பின் இரண்டாம் ஆண்டு நிறைவுக்கு முந்தைய 90 நாளில் அளிக்க வேண்டும். இது கல்யாண நாளிலிருந்து எண்ணுவதல்ல. அட்டையில் 'இந்த நாள் முதல் வசிப்பவர்' என்று அச்சிட்ட தேதியிலிருந்து எண்ணுவது. 2024 ஜூன் 14இல் இறங்கியவருக்குக் கெடு 2026 ஜூன் 14, வாசல் திறப்பது மார்ச் 16. அட்டையில் மாதம் முன்னும் நாள் பின்னுமாக இருக்கும். 06/08/26 என்பதை ஆகஸ்ட் 6 என்று படித்துவிட்டு ஆடி வரை சும்மா இருந்தவருக்குக் கெடு ஜூன் 8ஆம் தேதியே முடிந்திருக்கும். அதற்குப் பிறகு தாமதத்துக்குத் தக்க காரணம் எழுதி அனுப்ப வேண்டும். தனி மனுவுக்கு இந்த 90 நாள் கட்டு இல்லை. முன்னரும் பின்னரும், நாடு கடத்தும் இறுதி உத்தரவு வரும்வரை அளிக்கலாம்.

முறிவு

முறிந்த மணத்துக்கான தனி மனுவில், முறிவு சட்டப்படி முடிந்த தீர்ப்பு வேண்டும். பிரிந்து வாழ்வது போதாது. வழக்கு நடந்துகொண்டிருந்தால் துறை அவகாசம் தரும். அது பொதுவாக 87 நாள். எதிர்வழக்காடும் மணமுறிவு நம் நாட்டின் எந்தக் குடும்ப நீதிமன்றத்திலும் 87 நாளில் முடிவதில்லை. இருவர் சம்மதத்துடன் கேட்கும், இந்து திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவிலும் ஓராண்டுப் பிரிவும் ஆறு மாத இடைவெளியும் உண்டு. அந்த ஆறு மாதத்தைத் தக்க வழக்குகளில் நீதிமன்றம் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் அமர்தீப் சிங் வழக்கில் கூறியது.

அமெரிக்க மாநில நீதிமன்றத்தில் வாங்கிய தீர்ப்பு அங்கே மனுவுக்குப் போதும், இங்கே போதாது. திருப்பதியில் 1975இல் நடந்த மணத்தை மிசௌரி நீதிமன்றம் முறித்த நரசிம்ம ராவ் வழக்கில், இந்து திருமணச் சட்டம் ஏற்காத காரணத்தில், மனைவி அதிகார எல்லைக்கு இசையாத நிலையில் தரப்பட்ட அயல்நாட்டுத் தீர்ப்பு இந்தியாவில் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1991இல் முடிவு செய்தது. அதனால் அத்தகைய தீர்ப்புக்குப் பின், அங்கே மணமுறிவு பெற்றவராகப் பத்தாண்டு அட்டை வாங்கும் பெண் திருச்சியில் அதே கணவரின் மனைவியாகவே நீடிப்பார். மறுமணப் பேச்சு வரும்போதுதான் இது வீட்டாருக்குத் தெரியவருகிறது. வெளிநாடுவாழ் இந்தியரின் மணத்தைக் கட்டாயமாகப் பதியச் செய்யும் 2019ஆம் ஆண்டு மசோதா நிறைவேறவில்லை; மத்திய சட்ட ஆணையம் 2024இல் தன் 287ஆம் அறிக்கையில் முழுமையான சட்டம் வேண்டும் என்றது.

போலி மணம் என்று மெய்ப்பிக்கப்பட்டால் ஐந்து ஆண்டு வரை சிறையும் 2,50,000 டாலர் வரை அபராதமும் உண்டு. பிற்காலத்தில் உறவினர் வழியாகக் குடியேறும் வாசலும் அடைபடும்.

தற்போதைய நிலை

2024 ஏப்ரல் 1 முதல் கட்டணம் 750 டாலர். மனு கிடைத்ததற்கான அறிவிப்பு, கெடு கடந்த அட்டையை 48 மாதத்துக்கு நீட்டிக்கிறது (2023 ஜனவரி முதல், அதற்கு முன் 24, 18, 12 மாதங்கள்). ஊருக்கு வந்து திரும்புபவர் விமான நிலையத்தில் பழைய அட்டையோடு அந்த அறிவிப்பின் மூலத்தாளையும் காட்ட வேண்டும்.