லீ சாங்-ஹ்வா

லீ சாங்-ஹ்வா (பிறப்பு: 25 பிப்ரவரி 1989, சியோல்) தென் கொரிய ஸ்பீடு ஸ்கேட்டிங் வீராங்கனை. பெண்கள் 500 மீட்டரில் 2010, 2014 குளிர்கால ஒலிம்பிக் போட்டிகளில் தங்கமும் 2018இல் வெள்ளியும் வென்றவர்.

இளமைக் காலம் பற்றிய செய்திகள் குறைவு. அண்ணனைப் பார்த்துச் சறுக்கக் கற்றார் என்றும், இருவருக்கும் செலவு செய்யக் குடும்பத்தால் இயலாதபோது அண்ணன் தங்கைக்காக விலகிக்கொண்டார் என்றும் சொல்லப்படுகிறது. 2005இல் ஜெர்மனியின் இன்செல் நகரில் நடந்த உலகத் தனித்தூரப் போட்டியில், 16 வயதில் வெண்கலம் பெற்றார். 2006 டுரின் ஒலிம்பிக்கில் 5ஆம் இடம்.

2010 ஜனவரியில் ஒபிஹிரோவில் உலக ஸ்பிரின்ட் பட்டம் வென்றவர், அடுத்த மாதம் வான்கூவர் ஒலிம்பிக்கில் இறங்கினார். அக்காலத்தில் 500 மீட்டரை இருமுறை ஓடி, நேரங்களைக் கூட்டியே வெற்றியைத் தீர்மானித்தனர். 38.24, 37.85 என ஓடி 76.09 விநாடியில் முடித்தார் லீ. உலகச் சாதனையாளராக இருந்த ஜெர்மனியின் ஜென்னி வோல்ஃப் பின்தங்கியது வெறும் 0.05 விநாடியில். இந்த விளையாட்டில் ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் கொரியப் பெண் லீதான்.

அவருடைய வாழ்வில் மிக விரிவாகப் பதிவானது 2013ஆம் ஆண்டு. 1998 நாகனோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற கனடாவின் கெவின் குரோக்கெட் அப்போது கொரிய அணியின் பயிற்சியாளர். ஜனவரி 20 அன்று லீ கால்கரியில் 36.80 விநாடியில் ஓடி, சீனாவின் யூ ஜிங் வைத்திருந்த 36.94 என்ற உலகச் சாதனையை முறியடித்தார். நவம்பர் 9 அன்று அதே தடத்தில் 36.74. ஆறு நாள் கழித்து சால்ட் லேக் சிட்டியில் 36.57. மறுநாளே, அங்கேயே, 36.36. நூறில் ஒரு பங்கு விநாடிக்காகப் போராடும் தூரத்தில், ஒருவரே ஓராண்டுக்குள் 0.58 விநாடியைக் குறைத்தது வியக்கத்தக்கது. இரு நகரங்களும் உயரமான இடத்தில் இருப்பதால் காற்றின் தடை அங்கே குறைவு. ஆகவே இந்நேரங்களைக் கடல்மட்டத் தடங்களின் நேரங்களோடு எப்படி ஒப்பிடுவது என்பதில் ஒருமித்த கருத்தில்லை.

அவருடைய ஆதிக்கம் கடல்மட்டத்திலும் குறையவில்லை என்பதற்கு 2014 சோச்சி ஒலிம்பிக் சான்று. இரண்டாம் ஓட்டத்தின் 37.28, மொத்தம் 74.70 ஆகிய இரண்டுமே ஒலிம்பிக் சாதனைகள். இரண்டாமிடம் பெற்ற ஓல்கா ஃபட்குலினாவைவிட 0.36 விநாடி முன்னிலை. போனி பிளேர், கத்ரியோனா லெமே டோன் ஆகியோருக்குப் பின் இப்பட்டத்தைத் தக்கவைத்த மூன்றாவது பெண் ஆனார்.

பின்வந்த ஆண்டுகளில் இடது முழங்கால் வலி தொடர்ந்தது. ஆயினும் 2016இல் ரஷ்யாவின் கொலோம்னாவில் மீண்டும் உலகப் பட்டம் வென்றார்.

2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் 500 மீட்டர் ஒரே ஓட்டமாக மாறியிருந்தது. ஜப்பானின் நாவோ கொடைரா முந்தைய ஜோடியில் ஓடி 36.94 பதிவு செய்தார். அடுத்து ஓடவிருந்த லீக்காக, உதட்டில் விரல் வைத்துத் தம் ரசிகர்களை அமைதிப்படுத்தினார். முதல் 100 மீட்டரை 10.20இல் கடந்த லீ, கொடைராவைவிட முன்னிலையில் இருந்தார்; ஆனால் முடிவில் 37.33. கடைசி வளைவில் நேர்ந்த பிழையே காரணம் என்பர் சிலர். முழங்கால் வலியையும், அப்பருவத்தில் கொடைரா பெற்றிருந்த மேலாதிக்கத்தையும் காட்டுவோரும் உண்டு. அழுதபடி நின்ற லீயைக் கொடைரா அணைத்துக்கொள்ள, இருவரும் தத்தம் கொடிகளோடு தடத்தைச் சுற்றினர். அவ்வொலிம்பிக்கின் மறக்கமுடியாத காட்சிகளுள் இதுவும் ஒன்று.

2019 மே மாதம் ஓய்வை அறிவித்தார். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் கொரியத் தொலைக்காட்சிக்கு வர்ணனையாளராகச் சென்றபோது, கொடைரா 17ஆம் இடத்துக்குப் பின்தங்கியதைக் கண்டு நேரலையிலேயே கண்ணீர் விட்டார். 36.36 என்ற சாதனையை 2025 நவம்பரில் நெதர்லாந்தின் ஃபெம்கே கோக் 36.09 விநாடியில் ஓடி முறியடித்தார்.