திருகோணமலைத் துறையும் கடல் கடந்து வந்த வங்கிகளும்

கப்பல் தங்குவதற்கென்று இயற்கையே அமைத்துக் கொடுத்த துறைகளுள் திருகோணமலைக்கு உலகில் உயர்ந்த இடம் உண்டு. சுற்றிலும் குன்றுகள் காவல் நிற்க, உள்ளே ஆழ்கடல் அமைதியாகக் கிடக்கின்றது. போர்த்துக்கேயர் பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே கோட்டை கட்டினர். அவர்களை ஒல்லாந்தர் அகற்றினர். 1782ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் சிறிது காலம் பிடித்து வைத்திருந்தனர். 1795இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர். இத்தனை பேர் போட்டியிட்ட துறையை நாடி வெளிநாட்டு வங்கிகளும் முந்தி வந்திருக்க வேண்டும் அன்றோ? நிகழ்ந்தது அதுவன்று. இலண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட வங்கிகளும், அயலிலுள்ள சென்னையிலிருந்து வந்த வங்கியும் கொழும்பிலேயே கடை விரித்தன. இதன் காரணம் யாது?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மலைநாட்டிலே கோப்பிப் பயிர் செழித்தது. கொட்டை கப்பலேறி இலண்டனில் விலையாகும் வரையில் தோட்டக்காரருக்குக் கூலி கொடுக்கப் பணம் வேண்டும். வங்கி அவருடைய உண்டியலை வாங்கிக்கொண்டு பணம் கொடுக்கும். சரக்கு விற்றபின் இலண்டனில் அதனை அறவிட்டுக்கொள்ளும். தோட்டத்திற்கு ஆட்களும் அவர்கள் உண்ண அரிசியும் இந்தியாவிலிருந்து வந்தமையால், கொழும்புக்கும் சென்னைக்கும் இடையே பணப் போக்குவரத்து இடையறாது நடந்தது. 1843இல் தோன்றிய சென்னை வங்கி 1860களில் கொழும்பிலே கிளை திறந்தது இதனாலேயே. அவ்வங்கியே 1921இல் இம்பீரியல் வங்கியோடு இணைந்து, 1955இல் இந்திய ஸ்டேட் வங்கியாயிற்று.

திருகோணமலைக்குப் பின்னால் இருந்ததோ தோட்டமன்று, காடு. கண்டிக்கு 1867இல் சென்ற புகையிரதம் திருகோணமலையை அடைய 1927ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கொழும்பிலே 1875 முதல் அலைதடுப்புச் சுவர் எழுப்பிச் செயற்கைத் துறைமுகமும் அமைத்தனர். திருகோணமலைக்கு வந்தவை போர்க்கப்பல்கள். போர்க்கப்பல் சரக்கு ஏற்றுவதில்லை. சரக்கு இல்லாத இடத்தில் உண்டியலும் இல்லை. உண்டியல் இல்லாத இடத்தில் வங்கிக்கு வேலை குறைவு.

ஆனால், ஒரே பயிரை நம்பிய வங்கிக்கு ஆபத்தும் அதனாலேயே வந்தது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பித் தோட்டங்களைப் படிப்படியாக அழித்தது. 1884 மே மாதம் 3ஆம் திகதி ஓரியண்டல் வங்கி கதவை மூடியது. இலங்கையில் வழங்கிய நோட்டுகளிற் பெரும்பகுதி அவ்வங்கி வெளியிட்டவை. கையிலிருந்த நோட்டு வெறுங்காகிதமாகிவிடுமோ என்று மக்கள் கலங்கிய வேளையில், தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன் அந்நோட்டுகளுக்கு அரசாங்கத்தின் பொறுப்பை அளித்தார். மறு ஆண்டு முதல் நோட்டு வெளியிடும் உரிமையை அரசாங்கமே ஏற்றது.

வெளிநாட்டு வங்கிகளின் வாசல் உள்நாட்டுச் சிறு வியாபாரிக்கு எளிதில் திறக்கவில்லை. அவை நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுக்கு அவர்களுடைய கையெழுத்தின் பேரிற் கடன் கொடுத்தன. செட்டியார்கள் அதனை மேலும் உயர்ந்த வட்டிக்குக் கடைக்காரருக்கும் நிலக்காரருக்கும் கொடுத்தனர். 1925இல் ஒரு செட்டியார் நிறுவனம் முறிந்தபோது வங்கிகள் கையை இழுத்துக்கொண்டன. அதன் வலி நாடெங்கும் பரவியது. 1932இல் சென்னையின் இந்தியன் வங்கி கொழும்பிற்கு வந்தபோதிலும் குறை முற்றும் தீரவில்லை. 1934இல் அமைக்கப்பட்ட வங்கி ஆணைக்குழு, நாட்டுக்கென ஒரு வங்கி வேண்டும் என்று கூறியது. அதன் தலைவர் சேர் சொராப்ஜி போச்கானாவாலா பம்பாயைச் சேர்ந்த வங்கியாளர் என்பது கருதத்தக்கது. அதன் பயனாக 1939 ஆகஸ்ட் முதலாந் திகதி இலங்கை வங்கி பிறந்தது.

1941இல் கண்டியில் முதற் கிளை திறந்த அவ்வங்கி, அடுத்த சில ஆண்டுகளில் திருகோணமலையிலும் கால் வைத்தது. அது போர்க்காலம். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தின் மேற் குண்டு பொழிந்தன. கடற்படையும் கப்பற் பட்டறையும் பலருக்குச் சம்பளம் தந்தன. 1957 அக்டோபரில் பிரித்தானியர் தளத்தை ஒப்படைத்துச் சென்றனர். பிறர் படையின் சம்பளத்தை நம்பிய ஊர், தன் வருவாயைத் தானே தேட வேண்டியதாயிற்று.

1961இல் இலங்கை வங்கி அரசுடைமையாயிற்று. வெளிநாட்டு வங்கிகள் இலங்கையரிடம் புதிதாக வைப்புப் பெறுவதும் தடுக்கப்பட்டது. 1979 முதல் கதவு மீண்டும் திறந்தது. பின்னர் அலை எதிர்த்திசையிலும் அடித்தது. இலங்கை வங்கி 1981இல் மாலைதீவிற்கும், 1995இல் சென்னைக்கும் சென்று கிளை அமைத்தது. சென்னை வங்கி நூற்றாண்டிற்கு மேல் முன்னர் வந்த அதே வழியில், கொழும்பின் வங்கி திரும்பிச் சென்றது!

திருகோணமலையின் எண்ணெய்த் தொட்டிகளை இந்தியக் கம்பனியோடு கூடிப் பயன்படுத்த 2022இல் ஒப்பந்தம் எழுதப்பட்டது. அயல்நாட்டு முதல் இவ்வாறு அத்துறையை நாடுகின்றது. ஆயினும், பழைய வரலாறு கற்பிக்கும் பாடம் மாறவில்லை. துறையின் ஆழம் கப்பலை அழைக்கும். வங்கியை அழைப்பது அத்துறைக்குப் பின்னே உள்ள நிலத்தின் விளைவும் மக்களின் உழைப்புமே.