விலைக்கு வாங்கிய இருக்கையும் திரும்பி வந்த ராக்கெட்டும்

2024 அக்டோபர் 13-ஆம் தேதி ஸ்டார்ஷிப் ராக்கெட்டின் கீழ்ப்பகுதி மேலே போய், ஏவிய கோபுரத்துக்கே திரும்பி வந்து, இரண்டு இரும்புக் கைகளுக்கு நடுவே நின்றது. நம் மாணவர்கள் பலர் அந்தக் காணொளியைக் கைப்பேசியில் பார்த்திருப்பார்கள். அதற்குப் பிறகு மாணவர் கட்டுரைகளில் ஒரு வரி அடிக்கடி வருது: இனி சாதாரண மனிதனும் குறைந்த செலவில் விண்வெளிக்குப் போகலாம்.

கனவு நல்லதுதான். ஆனால் கருத்து விளக்கக் கட்டுரையில் ஒரு கருத்தைச் சொன்னால் சான்று வேண்டும். எது மலிவானது, எது மலிவாகவில்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு அமெரிக்காவரை போக வேண்டியதில்லை. நம் நாட்டு வரலாற்றிலேயே பாடம் இருக்கிறது.

இருக்கை வந்த கதை

2003-இல் மலேசியா ரஷ்யாவிடமிருந்து 18 சுகோய் போர் விமானங்களை வாங்க ஒப்பந்தம் செய்தது. மதிப்பு சுமார் 900 மில்லியன் அமெரிக்க டாலர். அந்த ஒப்பந்தத்தோடு சேர்ந்து வந்ததுதான் அங்காசாவான் திட்டம். இரண்டு மலேசியர்களுக்கு ரஷ்யா பயிற்சி கொடுக்கும், ஒருவரை அனைத்துலக விண்வெளி நிலையத்துக்கு அனுப்பும். இதைப் பொறுப்பேற்று நடத்தியது 2002-இல் தொடங்கப்பட்ட தேசிய விண்வெளி நிறுவனம்.

விண்ணப்பங்கள் 11,000-ஐத் தாண்டின. விமானிகள், மருத்துவர்கள், பொறியாளர்கள் எல்லாரும் போட்டியிட்டார்கள். பல கட்டச் சோதனைகளுக்குப் பிறகு 2006-இல் நால்வர் எஞ்சினர்: எலும்பு மருத்துவர் ஷேக் முஸாபார் ஷுக்கோர், இராணுவப் பல் மருத்துவர் ஃபாயிஸ் காலிட், விமானி முகமட் ஃபாயிஸ் கமாலுடின், பொறியாளர் வனஜா சிவசுப்பிரமணியம்.

நால்வரில் ஒரே பெண் வனஜா. நம் பெயர் கொண்ட ஒரு பெண் விண்வெளிக்கு இவ்வளவு பக்கத்தில் வந்திருக்கிறார் என்பதை இன்றைய படிவம் 5 மாணவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? வகுப்பில் கேட்டுப் பாருங்க. 2006 செப்டம்பரில் ஷேக் முஸாபாரும் ஃபாயிஸ் காலிட்டும் பயிற்சிக்குத் தேர்வானார்கள். ஷேக் முஸாபார் பறப்பவர், ஃபாயிஸ் காலிட் மாற்று வீரர்.

அந்த இரவு

2007 நாடு சுதந்திரம் அடைந்து 50 ஆண்டு நிறைந்த ஆண்டு. அக்டோபர் 10, மலேசிய நேரம் இரவு 9.22. கஸக்ஸ்தானின் பைக்கனூரிலிருந்து சோயுஸ் டி.எம்.ஏ.-11 கிளம்பியது. பெக்கி விட்சன், யூரி மாலென்சென்கோ இருவருக்கும் துணையாக ஷேக் முஸாபார். பிரதமர் அப்துல்லா அகமட் படாவி கோலாலம்பூரில் பள்ளி மாணவர்களோடு அமர்ந்து பெரிய திரையில் பார்த்தார்.

அது நோன்பு மாதம். விண்வெளியில் எப்படித் தொழுவது, எந்தத் திசையைப் பார்ப்பது என்பதற்கு நம் நாட்டு அறிஞர்கள் வழிகாட்டியே தயாரித்தார்கள். ஹரி ராயாவுக்குச் சாத்தேயும் பலகாரமும் மேலே போயின. கல்லீரல் புற்றுநோய் உயிரணுக்கள், இரத்தப் புற்றுநோய் உயிரணுக்கள், புரதப் படிகங்கள், நுண்ணுயிரிகள் பற்றிய ஆய்வுகளும் நடந்தன. அக்டோபர் 21-ஆம் தேதி வேறொரு சோயுஸில் திரும்பினார். அந்தக் கலம் வழக்கத்தைவிடச் செங்குத்தாக இறங்கி, குறித்த இடத்துக்கு 300 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளித் தரையிறங்கியது. மூவரும் நலமாக வெளியே வந்தார்கள்.

கொண்டாட்டத்தோடு விவாதமும் வந்தது. அவர் விண்வெளி வீரரா, சுற்றுலாப் பயணியா? அதிகாரபூர்வமாக அவருக்கு இருந்த பெயர் ‘விண்வெளிப் பயணப் பங்கேற்பாளர்’. அந்த இருக்கையின் மதிப்பு சுமார் 25 மில்லியன் டாலர் என்று செய்திகள் கூறின. இரண்டாவது மலேசியர் போகவே இல்லை. ஃபாயிஸ் காலிட்டின் முறை வரவில்லை.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. வாங்கிய இருக்கை ஒரு தடவைக்குத்தான். ராக்கெட், கலம், பயிற்சி நிலையம் எல்லாம் ரஷ்யாவிடமே இருந்தன. பணம் நின்றால் பயணமும் நிற்கும்.

நாம் மறந்த இன்னொரு பயணம்

2009 ஜூலை 14-ஆம் தேதி ரஸாக்சாட் செயற்கைக்கோள் மேலே போனது. நாட்டின் இரண்டாம் பிரதமர் துன் அப்துல் ரசாக்கின் பெயர் கொண்டது. எடை சுமார் 180 கிலோ. நிலநடுக்கோட்டை ஒட்டிச் சுற்றியபடி நம் நாட்டை அடிக்கடி படம் பிடிப்பதுதான் அதன் வேலை.

அதைத் தூக்கிச் சென்ற ராக்கெட் ஃபால்கன் 1. ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் முதல் ராக்கெட். முதல் மூன்று முயற்சிகளும் தோல்வி. 2008 செப்டம்பரில் நான்காவது முயற்சி வென்றபோது அதில் இருந்தது வெறும் எடைக்கட்டி. ஐந்தாவது பயணத்தில் போனது நம் ரஸாக்சாட். அதாவது, ஸ்பேஸ்எக்ஸ் வெற்றிகரமாகச் சுற்றுப்பாதையில் சேர்த்த முதல் வணிகச் செயற்கைக்கோள் மலேசியாவுடையது! 2000-இல் நம் முதல் நுண்செயற்கைக்கோள் தியோங்சாட்-1, ஏவுகணையிலிருந்து மாற்றியமைத்த ரஷ்ய ராக்கெட்டில் போனது. ஒன்பதே ஆண்டில் ஒரு தனியார் நிறுவனத்தின் தொடக்கக் கட்டத்தில் நாம் வாடிக்கையாளராக இருந்திருக்கிறோம்.

ரஸாக்சாட் சுமார் ஓராண்டில் செயலிழந்தது. அதனால்தானோ என்னவோ, இந்த முதலிடம் நம் நினைவில் தங்கவில்லை.

எது மலிவானது?

ராக்கெட்டை மீண்டும் பயன்படுத்துவது புதிய எண்ணம் இல்லை. அமெரிக்காவின் விண்ணோடம் 1981 முதல் 2011 வரை 135 தடவை பறந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் அதைச் சரிபார்த்துத் தயார்செய்ய மாதக்கணக்கில் ஆனது, செலவும் குறையவில்லை. ஆக, திரும்பி வந்தால் மட்டும் மலிவாகாது. சீக்கிரமாக, குறைந்த வேலையோடு மறுபடி பறக்க வேண்டும்.

ஃபால்கன் 9-இன் முதல் கட்டம் 2015 டிசம்பரில் தரையிறங்கியது. ஒருமுறை பறந்த கட்டம் 2017 மார்ச்சில் மறுபடி பறந்தது. இன்று ஒரே கட்டம் 20 தடவைக்கு மேல் பறக்கிறது. 2018-இல் நாசா பொறியாளர் ஹாரி ஜோன்ஸ் போட்ட கணக்குப்படி, ஒரு கிலோ எடையைத் தாழ்ந்த சுற்றுப்பாதைக்கு அனுப்ப விண்ணோடத்தில் சுமார் 54,500 டாலர், ஃபால்கன் 9-இல் சுமார் 2,700 டாலர். இது பெரிய இறக்கம்.

மனிதனுக்கு? 2019-இல் நாசாவின் தலைமை ஆய்வாளர் அலுவலகம், டிராகன் கலத்தில் ஓர் இருக்கைக்குச் சுமார் 55 மில்லியன் டாலர் என மதிப்பிட்டது. 2007-இல் நம் இருக்கைக்குச் சொன்ன 25 மில்லியனைவிட இது இரு மடங்கு! மனிதன் போனால் காற்று, தண்ணீர், தப்பிக்கும் அமைப்பு, பல மாதப் பயிற்சி எல்லாம் வேண்டும். ராக்கெட் திரும்பி வருவதால் இவற்றின் செலவு குறைந்துவிடாது. 2025 ஜூனில் இந்தியாவின் சுபான்ஷு சுக்லா டிராகனில் போனதும் அரசு பணம் கட்டி வாங்கிய இருக்கையில்தான். மலிவானது சரக்கு. மனிதப் பயணம் இன்னும் மலிவாகவில்லை.

ஷா ஆலாமிலிருந்து 10 சென்டிமீட்டர்

சரக்கு மலிவானதில் நமக்கு என்ன? 2018 ஜூன் 29-ஆம் தேதி ஒரு ஃபால்கன் 9 விண்வெளி நிலையத்துக்குப் பொருள் ஏற்றிச் சென்றது. அதன் முதல் கட்டமும் டிராகன் கலமும் ஏற்கெனவே ஒருமுறை பறந்தவை. அந்தச் சரக்கில் இருந்தது யுஐடிஎம்சாட்-1. பக்கத்துக்கு 10 சென்டிமீட்டர் கொண்ட கனசதுரம். ஜப்பானியப் பல்கலைக்கழகம் ஒன்றின் கூட்டுத் திட்டத்தில், ஷா ஆலாமில் உள்ள யுஐடிஎம் மாணவர்கள் உருவாக்கியது. கிள்ளானிலிருந்து ஷா ஆலாம் எவ்வளவு தூரம் என்று உங்கள் மாணவர்களுக்கே தெரியும்.

இங்கே ஓர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். யுஐடிஎம் இளங்கலைக் கல்வி பூமிபுத்ரா மாணவர்களுக்கானது. நம் பிள்ளைகள் அந்த வாசலில் நுழைய முடியாது. ஆனால் செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்திலும் நிபோங் திபாலில் அறிவியல் பல்கலைக்கழகத்திலும் விண்வெளிப் பொறியியல் இருக்கிறது. அதற்கு இயற்பியலும் கூடுதல் கணிதமும் வேண்டும். படிவம் 4-இல் பாடம் தேர்ந்தெடுக்கும்போதே இதைச் சொல்லாவிட்டால், பிறகு சொல்லிப் பயனில்லை. இந்த வழிகாட்டல் அறிவியல் ஆசிரியர் வேலை மட்டும் இல்லை. தமிழாசிரியர் பேச்சைக் கேட்கும் மாணவர்களும் பெற்றோர்களும் நிறைய பேர் இருக்கிறார்கள்.

11,000 பேரில் ஒருவருக்குத்தான் அன்று இருக்கை. வனஜாவுக்கு அது கிடைக்கவில்லை. ஒரு செயற்கைக்கோளுக்கோ வரைபவர், பற்றவைப்பவர், நிரல் எழுதுபவர், தரைநிலையத்தில் காத்திருப்பவர் என்று பலர் வேண்டும். நம் மாணவர்கள் போய் உட்காரக்கூடிய இடங்கள் அங்கேதான் அதிகம்.

வகுப்பறைக்கு

1. “மறுபயன்பாட்டு ராக்கெட்டுகளால் விண்வெளிப் பயணம் மலிவாகிவிட்டது.” இக்கூற்றைச் சரக்கு, மனிதர் என இரண்டாகப் பிரித்து, தலா ஒரு சான்றுடன் விவாதிக்கச் சொல்லுங்கள்.

2. அங்காசாவான் திட்டத்தால் நாடு பெற்றது என்ன, பெறாதது என்ன? இரு பத்திகளில் எழுதட்டும்.

3. லேக் கார்டன் பக்கத்தில் உள்ள தேசியக் கோளரங்கம் பிரிக்பீல்ட்ஸிலிருந்து தூரமில்லை. அழைத்துப் போக முடிந்தால் ரஸாக்சாட், தியோங்சாட் பற்றி அங்கே என்ன காணக் கிடைக்கிறது என்று குறிப்பெடுத்து வரச் சொல்லுங்கள்.