ஹேண்டில் போட்ட கை

என் பட்டறைச் சுவரில் ஓர் இரும்புக் கம்பி தொங்குகிறது. இரண்டு இடத்தில் மடங்கி, பிடிக்கும் இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்த கம்பி. மார்க் 3 அம்பாசிடரின் ஹேண்டில். நாற்பது வயதுக்குக் கீழே யார் வந்தாலும் இது என்னவென்று கேட்பார்கள். போன மாதம் கேட்டவன் அந்த வண்டிக்காரருடைய மகனே.

அவன் அப்பாவுக்குக் கொத்தவால்சாவடியில் வெங்காய மண்டி இருந்தது. வண்டி லேசாக இருமினால்கூட ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுச் சந்தில் இருக்கும் என் கடைக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார். மகன் இப்போது துரைப்பாக்கத்தில் சொந்தமாகக் கம்பெனி நடத்துகிறான். என் பெஞ்சில், பிரித்துப் போட்ட ஆர்மேச்சருக்குப் பக்கத்தில், போனை வைத்தான். இரண்டு படம். இரண்டும் போர்ஷே. ஒன்று கயேன், பெரிய எஸ்.யூ.வி. இன்னொன்று டைகான், மின்சாரத்தில் ஓடும் வேக வண்டி.

"ஒண்ணு யானை மாதிரி நிக்குது. இன்னொண்ணு சிறுத்தை மாதிரி படுத்திருக்கு. எதை எடுக்கட்டும் மாமா? அப்பா உங்களைக் கேக்காம ஒரு பல்புகூட மாத்தினதில்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. நாற்பத்தைந்து வருஷமாக நான் பிழைத்தது செல்ஃப் மோட்டாரையும் டைனமோவையும் பேட்டரியையும் வைத்து. அந்த இரண்டு வண்டியின் பானெட்டையும் நான் திறந்ததே இல்லை. ஆனால் அவன் கேட்ட கேள்வி எனக்குப் பழக்கமானது. பேட்டரி பிளேட் ஏன் உப்பிப் போகிறது என்று தெரிந்துகொள்ளக் கன்னிமாரா நூலகத்துக்குப் போக ஆரம்பித்தவன் நான். ஒரு புத்தகம் இன்னொன்றுக்கு இழுத்துக்கொண்டு போனதில், பெட்ரோலா மின்சாரமா என்பது கார் பிறந்த வீட்டிலேயே ஆரம்பித்த தகராறு என்று தெரிந்தது.

1900-ல் அமெரிக்காவில் செய்த கார்கள் மொத்தம் 4,192. அதில் நீராவி வண்டி 1,681, மின்சார வண்டி 1,575. பெட்ரோல் வண்டி வெறும் 936. புகை, நாற்றம், உதறல், சத்தம் எல்லாம் பெட்ரோலுக்கு. மின்சார வண்டியில் ஏறி உட்கார்ந்து லீவரைத் தள்ளினால் போதும், ஓடும். நம் மதராஸில் 1895-லேயே மின்சார டிராம் ஓட ஆரம்பித்துவிட்டதால், மவுண்ட் ரோட்டுக்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் இருந்திருக்காது.

வேகமும் அன்று மின்சாரத்தின் பக்கம்தான். 1899 ஏப்ரல் 29. பாரிஸுக்குப் பக்கத்தில் அஷேர் என்ற ஊர். கமில் ஜெனட்ஸி என்ற பெல்ஜியக்காரர், வெடிகுண்டு மாதிரி கூரான ஒரு மின்சார வண்டியின் மேல், ஒட்டகத்தின் மேல் உட்கார்ந்ததுபோல் உட்கார்ந்து, மணிக்கு 105.88 கிலோமீட்டரைத் தொட்டார். சாலையில் நூறைத் தாண்டிய முதல் மனிதர். வண்டிக்கு அவர் வைத்த பெயருக்கு 'ஒருபோதும் திருப்தியில்லாதவள்' என்று அர்த்தம். (இந்த மனுஷர் பிற்பாடு வேட்டைக்குப் போன இடத்தில், விளையாட்டுக்காகப் புதருக்குள் ஒளிந்து மிருகம்போல் உறுமி, நண்பரின் துப்பாக்கிக் குண்டுக்கே இரையானார். வேகம் அவரை ஒன்றும் செய்யவில்லை.)

"தம்பி, டைகானைப் புது வண்டின்னு நெனைக்கிறியா? போர்ஷே என்கிற ஆளே மின்சாரத்துல ஆரம்பிச்சவர்தான்" என்றேன். அவன் நம்பவில்லை. 1900-ல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் வியன்னாவின் லோனர் கம்பெனி ஒரு வண்டியை நிறுத்தியது. அதைச் செய்த ஃபெர்டினாண்ட் போர்ஷேவுக்கு அப்போது இருபத்து நாலு வயது. மோட்டாரை முன் சக்கரங்களுக்குள்ளேயே பொருத்தியிருந்தார். செயின் இல்லை, கியர் இல்லை. ஆனால் பேட்டரி மட்டும் 400 கிலோவுக்கு மேல். அதைச் சுமப்பதிலேயே பாதி மூச்சு போய்விடும். அதனால் அடுத்து அவர் ஒரு பெட்ரோல் என்ஜினை வைத்து டைனமோவைச் சுற்றவிட்டு, அந்தக் கரண்டில் சக்கரத்தை ஓட்டிப் பார்த்தார். இன்று ஹைபிரிட் என்கிறோமே, அதேதான்.

இவ்வளவு முன்னால் ஓடிய மின்சார வண்டி எப்படிக் காணாமல் போனது? இங்கேதான் சுவரில் இருக்கும் கம்பி வருகிறது.

பெட்ரோல் என்ஜின் தானாக எழுந்திருக்காது. யாராவது சுற்றி எழுப்ப வேண்டும். குளிர்காலக் காலையில் வண்டிக்கு முன்னால் குனிந்து, ஹேண்டிலை உள்ளே சொருகி, கீழிருந்து மேலே ஒரே இழுப்பு. நேரம் தப்பி ஸ்பார்க் வந்தால் என்ஜின் எதிர்ப்பக்கம் உதைக்கும். ஹேண்டில் கையோடு சேர்ந்து திரும்பும். மணிக்கட்டில் கட்டை விரல் பக்கத்து எலும்பு முறியும். அந்த முறிவுக்கு 'டிரைவர் முறிவு' என்ற அர்த்தத்தில் மருத்துவப் புத்தகத்தில் பெயரே இருக்கிறது. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மேஸ்திரி முதல் நாள் சொன்ன பாடம் இதுதான்: கட்டை விரலைச் சுற்றிப் பிடிக்காதே, மற்ற நாலு விரலோடு சேர்த்து ஒரே பக்கம் வை. உதைத்தால் ஹேண்டில் விரலிலிருந்து உருவிக்கொண்டு போய்விடும், எலும்பு தப்பிக்கும். சொன்னவருடைய வலது கை மணிக்கட்டே கொஞ்சம் கோணல்.

அந்தக் காலத்தில் வசதியுள்ள வீட்டுப் பெண்கள் மின்சார வண்டியை விரும்பியதற்கு இதுவே காரணம். ஹேண்டில் இல்லை, கிரீஸ் இல்லை. டெட்ராய்ட் எலக்ட்ரிக் என்று ஒரு வண்டி. கண்ணாடி அறை மாதிரி உயரமாக இருக்கும், ஸ்டீயரிங்குக்குப் பதில் ஒரு நீளக் கம்பி. ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா ஓட்டியதே 1914-ஆம் வருஷத்து டெட்ராய்ட் எலக்ட்ரிக்தான். மாடல் டி செய்து உலகத்தையே பெட்ரோலுக்கு மாற்றியவரின் வீட்டம்மா! அந்த வண்டி இன்றும் டியர்பார்ன் நகரில் ஃபோர்டு அருங்காட்சியகத்தில் நிற்கிறது. பலசரக்குக் கடைக்காரர் தன் வீட்டுக்கு மட்டும் பக்கத்துக் கடையில் பருப்பு வாங்கிய கதைதான்.

மின்சார வண்டியைச் சாய்த்தது ஒரு மின்சார மோட்டார். அமெரிக்காவின் டேட்டன் ஊரில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் கல்லாப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்த்தவர். கல்லாவின் டிராயரைத் திறக்கச் சின்ன மோட்டார் ஒன்றைச் செய்திருந்தார். அதில் அவருக்குப் பிடிபட்ட சூட்சுமம் இது: நாளெல்லாம் ஓட வேண்டிய மோட்டார்தான் பெரிதாக இருக்க வேண்டும், சில விநாடி மட்டும் உழைத்துவிட்டு ஓய்கிற மோட்டார் சின்னதாக இருந்தாலும் பெரிய பாரத்தைத் தள்ளும். காரை எழுப்பவும் சில விநாடிதானே. 1912 மாடல் கேடிலாக்கில் அது ஏறியது. நாம் செல்ஃப் என்கிறோம். சின்னப் பல் சக்கரம் முன்னால் பாய்ந்து ஃபிளைவீலின் பெரிய பல்லைக் கவ்வும். ஒரு சுழற்றுச் சுழற்றும். என்ஜின் எழுந்ததும் விலகிக்கொள்ளும். அந்த இரண்டு மூன்று விநாடியில் பேட்டரியிலிருந்து நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஓடுகிறது. அதனால்தான் செல்ஃபுக்குப் போகிற கேபிள் மட்டும் சுண்டுவிரல் கனம். கார்பன் பிரஷ் தேய்ந்துபோன செல்ஃப்களை எத்தனை ஆயிரம் பிரித்திருப்பேன்! மின்சாரக் காரைத் தீர்த்துக்கட்டியவனுக்கு வைத்தியம் பார்த்தே என் பெண் கல்யாணம் நடந்திருக்கிறது.

ஆனால் செல்ஃப் ஒருவன் மேலேயே பழி போடுவதும் நியாயமில்லை. ஃபோர்டின் மாடல் டி 1908-ல் 850 டாலருக்கு வந்தது. 1920-களின் நடுவில் 260 டாலருக்கு இறங்கியது. அதில் செல்ஃப் வைத்தது 1919-ல்தான். அதுவரை ஏழைபாழைகள் மணிக்கட்டைப் பணயம் வைத்து ஹேண்டில் போட்டார்கள், ஆனாலும் வாங்கினார்கள். பெட்ரோலை டின்னில் அடைத்து எந்தக் கிராமத்துக் கடையிலும் விற்கலாம். கரண்டோ நகரத்தைத் தாண்டவில்லை. டெட்ராய்ட் எலக்ட்ரிக் 1939 வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்து, அடங்கியது.

அதற்குப் பிறகு நீண்ட தூக்கம். 2001-ல் பெங்களூரிலிருந்து ரேவா வந்தபோது ஆவலாகப் போய்ப் பார்த்தேன். ஆறு வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி எட்டு, ஆக 48 வோல்ட். எட்டு மணி நேரம் சார்ஜ் போட்டால் 80 கிலோமீட்டர். கிளாரா அம்மாவின் வண்டியே அதைவிட அதிக தூரம் போகும். டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றும் அதே பேட்டரி, அதே பாரம். எனக்குத் தெரிந்த பேட்டரிதான் அந்த வண்டியின் நோய் என்று புரிந்தபோது கொஞ்சம் வலித்தது.

நோய் தீர்ந்தது லேப்டாப்பால். சோனி 1991-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயான் செல்லை, டார்ச் செல் மாதிரி உருளையாக 6,831 அடுக்கி, 2008-ல் டெஸ்லா ரோட்ஸ்டர் என்ற சின்ன வண்டியில் வைத்தார்கள். நின்ற இடத்திலிருந்து மணிக்கு நூறு கிலோமீட்டரை எட்ட நான்கு விநாடி அளவுதான். ஜெனட்ஸியின் ஆவி சந்தோஷப்பட்டிருக்கும். 2019-ல் டைகான். மற்ற கம்பெனிகள் பெரும்பாலும் 400 வோல்ட்டில் இருந்தபோது இதில் 800 வோல்ட். பேட்டரி மட்டும் 600 கிலோவுக்கு மேல்! 1900-ல் அந்த இளைஞர் ஏற்றிய பாரத்தைவிடவும் அதிகம். ஆனால் அன்று ஐம்பது கிலோமீட்டரில் படுத்தது, இன்று நானூறு போகிறது.

"சரி மாமா, யானையைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே?"

யானை சேற்றில் பிறந்தது. இரண்டாம் உலகப் போரின் ஜீப்பைத் தன் பண்ணையில் ஓட்டிப் பார்த்த ரோவர் கம்பெனிக்காரர் மாரிஸ் வில்க்ஸ், அதைப்போல் ஒன்றை நாமே செய்தால் என்ன என்று நினைத்ததில் வந்தது லேண்ட் ரோவர், 1948. இரும்புக்கு ரேஷன் இருந்ததால் அலுமினியத்தில் உடம்பு. உழுவது, இழுப்பது, பால் கேன் ஏற்றுவது எல்லாம் அதன் வேலை. நம்மூர் மலையோர எஸ்டேட்களில் ஜீப் பார்த்த வேலையும் இதுதான். 1970-ல் ரேஞ்ச் ரோவர் வந்தது. இன்று அந்தப் பெயரைச் சொன்னாலே மார்பிள் வாசல் கண்ணில் வருகிறது. முதல் வண்டியிலோ கார்பெட் கிடையாது, தோல் சீட் கிடையாது. வினைல் சீட், ரப்பர் தரை. சேறானால் ஹோஸ் பைப்பை உள்ளேயே திருப்பிக் கழுவலாம் என்பதுதான் அதன் பெருமை. கதவும் இரண்டே. நாலு கதவு வர 1981 ஆனது. பண்ணைக்காரரிடமிருந்து பண்ணையாருக்குப் போய், அங்கிருந்து மால் வாசலுக்குப் போன வண்டி அது.

போர்ஷே இந்தப் பக்கம் வந்தது காசுக்காக. 90-களின் தொடக்கத்தில் கம்பெனி மூழ்குகிற நிலை. 2002-ல் கயேன் வந்தபோது, ஸ்போர்ட்ஸ் கார் செய்கிறவனுக்கு லாரி எதற்கு என்று அதன் ரசிகர்களே முகம் சுளித்தார்கள். அந்த லாரிதான் சோறு போட்டது.

ஓடாத ஆற்றைக் கடக்க ஒரு வண்டி, ஓட்ட முடியாத வேகத்துக்கு இன்னொரு வண்டி. ஓ.எம்.ஆரில் மாலை ஆறு மணிக்கு இரண்டும் ஷேர் ஆட்டோவுக்குப் பின்னால்தான் நிற்கும். இப்படிச் சொல்லிச் சிரித்துவிட்டு, என் சிரிப்பை நானே நிறுத்திக்கொண்டேன். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் காரைக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அது ஞாபகம் வந்தது. சென்னையில் வருஷத்துக்கு நாலு நாள் ஆறு ரோட்டுக்கே வருகிறது.

"உன் வீட்டுல பார்க்கிங் எங்க?"

"பேஸ்மெண்ட், மாமா."

"அங்க தண்ணி வந்தா யானையும் முழுகும், சிறுத்தையும் முழுகும். சார்ஜ் பாயிண்ட் போட அசோசியேஷன்ல விடுவாங்களா?"

"கேக்கணும்."

"அதைக் கேட்டுட்டு வா. விட்டா டைகான். விடலைன்னா கயேன். என் மனசைக் கேட்டா மோட்டார் பக்கம்தான் போகும். என்ஜினை எழுப்ப மட்டும் வச்சிருந்த பையன் இப்ப வண்டியையே இழுக்கறான், அதைப் பார்க்கணும்போல இருக்கு."

வாங்கினால் பானெட்டைத் திறந்து காட்டுகிறேன் என்றான். காட்டு, ஆனால் நான் தொடமாட்டேன் என்றேன். அம்பாசிடரின் 12 வோல்ட்டில் இரண்டு டெர்மினலையும் வெறுங்கையால் பிடிக்கலாம். டைகானில் ஆரஞ்சு நிறக் கேபிளைப் பார்த்தால் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். அப்புறம் ஒரு விஷயம் சொன்னேன்: அந்த 800 வோல்ட் வண்டிக்குள்ளும் ஒரு மூலையில் 12 வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கும். அது டவுன் ஆனால் அந்த அடுக்கு செல்லும் விழிக்காது. அவனுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

புறப்படும்போது சுவரிலிருந்து ஹேண்டிலை எடுத்துப் பார்த்தான். கனமாக இருக்கிறதே என்றான். குனிந்து, இல்லாத வண்டியின் முன்னால் சொருகுவதுபோல் பாவனை செய்து, கட்டை விரலைச் சுற்றி இறுகப் பிடித்தான். நான் எழுந்து போய் அந்த விரலை எடுத்து மற்ற நாலோடு சேர்த்து வைத்தேன்.